குடிக்கிறது நான்தான்

நான் குடிகாரி. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொல்லாமல் முழுங்கியதால்தான் ஒரு நல்ல மனுஷன் நடு மார்க்கெட்டில் அசிங்கப்பட்டார். அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். அவர் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

கல்மண்டபம் மார்க்கெட்டில் எனக்கு மீன் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு அருவாமனை, இரண்டு தெர்மாகோல் பெட்டி, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். விடியலில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துவந்து, மதியம் தாண்டியும் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்கிற பிழைப்பு. இடுப்பு விட்டுப் போகும். இடுப்பு வலிக்குத்தான் குடிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள், என்னுடையது இது. ஆனால் இடுப்பு வலிக்காத நாளிலும் குடித்தேன், ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கொழித்தாலும் குடித்தேன், ஈ ஓட்டினாலும் குடித்தேன். பாவம், இடுப்பின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. பலகைக்கு அடியில் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் எப்போதும் இருக்கும். மீன் வாடையில் பிராந்தி வாடை யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரரிடம் சொல்லி வாங்கிவரச் செய்கிற பெண்கள் உண்டு. நான் நேராக ஒயின்ஷாப்புக்கே போவேன், வரிசையில் நிற்பேன். பின்னால் நிற்பவன் சும்மா இருக்க மாட்டான்.

"இன்னாக்கா, வூட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தான். இன்னா இப்போ?"

அதோடு வாயை மூடிக்கொள்வான். மீன்காரி வாய்க்கு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஆம்பிளை குடித்தால் உடம்பு அலுப்பு, பொம்பளை குடித்தால் குடும்பம் நாசம் என்று கணக்குப் போடுகிற ஊரில் அந்த வாய் இல்லாமல் நான் ஒரு நாள் ஓட்டியிருக்க முடியாது. அந்த வாய்தான் சரியான நேரத்தில் என் காலை வாரிவிட்டது.

என் மகள் வயசுக்கு வந்தபோது சடங்கு வைத்தோம். மண்டபம் எடுத்து, தட்டு வரிசை வைத்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு அம்மாவைத் தேடினால் அம்மாவைக் காணோம். சமையல் கட்டுக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், பட்டுப் புடவையோடு விழுந்து கிடந்தேன். மகளுக்கு நலங்கு வைத்தது என் நாத்தனார். "அவளுக்கு பிரஷர் லோ ஆய்டுச்சு, மயக்கம்" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகள் அந்தப் பொய்யை நம்பவில்லை. மறுநாள் அவள் அப்பாவிடம் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்: "என் கல்யாணத்துக்கு அம்மா வாணாம்ப்பா."

பதின்மூன்று வயசுப் பெண். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. குடியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அவள் எனக்கு இல்லை. நிறுத்தியும் பார்த்தேன். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் கை நடுங்கி வவ்வால் மீனை வெட்டுவதற்குப் பதிலாக விரலை வெட்டிக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை ஒரு யுகம் நிற்க வேண்டும். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் அப்படி மாட்டிக்கொண்டேன். எதிரில் கரண்டு கம்பத்தில் ஒரு நோட்டீஸ். "குடியை நிறுத்த விருப்பமா? நாங்களும் குடித்தவர்கள்தான்." கீழே ஒரு போன் நம்பர். பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது, நான் அந்த நோட்டீஸையே படித்துக்கொண்டிருந்தேன். "நாங்களும்" என்ற வார்த்தை பிடித்திருந்தது. ரயில் போய் கேட் திறப்பதற்குள் நம்பரை மனப்பாடம் செய்துவிட்டேன்.

மறுநாள் போன் போட்டேன். வயசான ஒரு குரல், பிரியமான குரல்.

"சொல்லும்மா. யாருக்கு, வூட்டுக்காரருக்கா?"

ஒயின்ஷாப்பில் எத்தனை முறை பதில் சொன்ன கேள்வி அது! அங்கே பளிச்சென்று வந்த பதில் இங்கே தொண்டையில் நின்றுவிட்டது. குடிக்கப் போன இடத்தில் இருந்த தைரியம், நிறுத்தப் போன இடத்தில் இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை சாயந்தரம். ஒரு பெரிய வகுப்பறையை நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் குடித்தவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் அவர்களுடைய பெண்டாட்டிகள், அம்மாக்கள். வாசலில் நின்றவர் போனில் பேசிய அதே பெரியவர், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"வாம்மா. பேமிலி அந்தப் பக்கம்."

போய் உட்கார்ந்துவிட்டேன். தடுப்பு கூரைவரை எட்டாது. அதனால் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். ஒவ்வொரு ஆளும் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித்தான் பேச ஆரம்பிப்பார். உடனே எல்லோரும் சேர்ந்து "வணக்கம்" என்பார்கள். அவ்வளவு கேவலமான ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மரியாதையான பதில். முதல் நாள் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் புருஷனை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

என் முறை வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பேசினேன். பலகையடியில் பாட்டில் வைத்திருப்பதைச் சொன்னேன், கை நடுங்குவதைச் சொன்னேன், விரலை வெட்டிக்கொண்டதைச் சொன்னேன். எல்லாம் நடந்தது நடந்தபடி. ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன்: "நான்" வர வேண்டிய இடத்தில் "எங்க வூட்டுக்காரர்" என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் இது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. மகள் சடங்கில் விழுந்து கிடந்ததைச் சொன்னபோது அந்த அறையே உச்சுக் கொட்டியது. எல்லோரிலும் அதிகமாகக் கொதித்தது வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற ஓர் அக்கா. வீட்டிலேயே பிரியாணி செய்து விற்கிறவர். குடிகாரப் புருஷனோடு இருபது வருஷம் மல்லுக்கட்டி அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர். "பொண்ணு சடங்கு அன்னிக்கா? அவன் மனுசனா?" என்று பல்லைக் கடித்தார். நானும் கூடவே தலையாட்டினேன். என்னை நானே திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது, அதுவும் அடி அடுத்தவர் முதுகில் விழும்போது.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குவாட்டர் வாங்கிக்கொண்டு போவேன். இதையும் சொல்லத்தானே வேண்டும்.

என் வீட்டுக்காரர் வெல்டர். மீன்பிடித் துறைமுகத்தில் படகு ரிப்பேர் வேலை. தீப்பொறி பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும். குடிக்காத ஆள் என்று துறைமுகத்தில் அவருக்குப் பெயர். தோஸ்துகள் கிண்டல் செய்வார்கள், ஆனால் நம்பிப் படகுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மனுஷனிடம் பெருமைக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அதே நேரம் வண்ணாரப்பேட்டை அக்கா மீன் வாங்க என் கடை முன்னால் வந்து நின்றார். நான் அங்கே கடை போட்டிருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. "நீ இங்கியா கீற?" என்று சந்தோஷமாகக் கையைப் பிடித்தார். பிறகு பக்கத்தில் டிபன் கேரியரோடு நின்றவரைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்.

"இவருதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"ஏன் நைனா, பட்டப்பகல்லயே ஏத்திக்கினு வந்துட்டியா? கண்ணப் பாரு, கோவப்பயம் மாதிரி! பொட்டப்புள்ளைய பெத்து வெச்சுக்கினு வெக்கமா இல்ல? பொண்ணு சடங்கு அன்னிக்கு ஐஸ் பொட்டிக்கு நடுவுல உயுந்து கெடந்தியாமே! இந்தப் பொம்பள வாராவாரம் அங்க வந்து அயுவுது, தெரியுமா ஒனக்கு?"

மார்க்கெட்டில் அருவாமனைச் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் முதலில் ஆள் மாறிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஐஸ் பெட்டி என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் தலையைக் குனிந்து, சுத்தம் செய்த நெத்திலியையே மறுபடி சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

"தப்புதாம்மா" என்றார் அவர். "இனிமே குடிக்க மாட்டேன்."

கேரியரைப் பலகை மேல் வைத்துவிட்டு நடந்து போனார். அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, நாலு பேரு முன்னால கேட்டாதான் ஒறைக்குது" என்றார். அவருக்கு நான் அரைக் கிலோ நெத்திலி நிறுத்துக் கொடுத்தேன். என்னை நான் அவ்வளவு வெறுத்த நாள் வேறு கிடையாது.

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையில் விஷயம் கரைந்து போயிருக்கும். அவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வாராவாரம் அங்கதான் போய்க்கினு கீறியா?"

"ஆமா."

"குடிக்கிறது நின்னுச்சா?"

"இல்ல."

"என்னக் குடிகாரனாக்கியாவது நீ நிறுத்தியிருந்தா பரவால்ல. நிறுத்தவும் இல்ல. அப்பால இன்னாத்துக்கு என்னக் குடிகாரனாக்கின?"



அடுத்த சனிக்கிழமை குளித்து, தலை வாரி, பகல் முழுவதும் தொடாமல் போனேன். கை ஆடிக்கொண்டிருந்தது, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவர் வழக்கம்போலக் கையைக் காட்டினார். நான் குடித்தவர்கள் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, பேமிலி அந்தப் பக்கம்."

"தெரியும்ண்ணே. எங்க வூட்ல குடிக்கிறது நான்தான்."

அவர் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

"இல்லம்மா… இங்க எல்லாம் ஆம்பிளைங்க. லேடீசுக்குத் தனியா எங்கனா கீதான்னு விசாரிச்சுச் சொல்றேன்."

"விசாரிங்க. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு கீறேன்."

போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். லேடீஸ் இருந்தால் மனசு விட்டுப் பேச முடியாது, கூச்சமாக இருக்கும் என்றார். எங்கேயோ பார்த்த முகம். யோசித்துப் பார்த்தேன், பிடிபட்டது.

"ஏன்ண்ணே, ஒயின்ஷாப் லைன்ல எனக்குப் பின்னாலதான நின்னுக்கினு இருப்ப? வாய் கூசாம அங்க எவ்ளோ பேசுன! அப்ப வராத கூச்சம் இப்ப எங்கேந்து வந்துச்சு?"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து நின்று, "நான் ஒரு குடிநோயாளி" என்றேன். வழக்கமாக உடனே வருகிற வணக்கம் வரவில்லை. கடைசியில் வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும், தனியாக, "வணக்கம்" என்றார். எனக்கு அது போதும். அன்று என் கதையை "நான்" போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பெண்கள் பேச்சு அப்படியே அடங்கிப் போயிற்று. தடுப்பு கூரைவரை எட்டாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

முடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் வராந்தாவில் ஒன்றாக நின்று டீ குடிப்பது வழக்கம். வண்ணாரப்பேட்டை அக்காவிடம் நானே போனேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன மார்க்கெட்ல நிக்க வெச்சு… அடிப்பாவி, அவரு தப்புதாம்மான்னாரே!"

அதன் பிறகு பல வாரம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான், விட்டுவிட்டேன்.

மார்க்கெட்டிலும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் நெரிசலான நேரம் பார்த்து என் பலகை மேல் ஏறி நின்றேன். "அன்னிக்கு எங்க வூட்டுக்காரரத் திட்டுனாங்கல்ல, அது அவரு இல்ல. குடிக்கிறது நான்தான்! எல்லாரும் கேட்டுக்கோங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெரிய பூகம்பம் வரும் என்று நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரி எறாவை உரித்தபடியே, "இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? மூணு வருசமா நாறுது" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் அன்று அவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். "ஒன் புருசனுக்கு நீயே வாயத் தொறக்கல, நாங்க எதுக்கு?" என்று கேட்டாள். சண்டை அத்தோடு முடிந்தது.

குடி நின்றது என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதமும் மார்க்கெட் காற்றாடும், எனக்குக் கை வேலை இருக்காது. படகெல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிற்பதால் வெல்டருக்கு மட்டும் மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்திருந்தேன், கால் தானாக ஒயின்ஷாப்புக்குப் போயிற்று. சனிக்கிழமை அதையும் எழுந்து நின்று சொன்னேன். பெஞ்சில் கூச்சப்பட்ட அந்த ஆள்தான் முதலில் "வணக்கம்" என்றார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

அடுத்த தடைக்காலத்தைத் தொடாமல் தாண்டினேன். ஒரு வருஷம் ஆனவர்களுக்கு அங்கே பிறந்தநாள் என்று கேக் வெட்டுவார்கள். குடும்பத்தில் ஒருவர் வந்து பேச வேண்டும். பெரியவர் கேட்டார், நான் வீட்டில் சொன்னேன்.

"வர்றதுன்னா வா. இல்லனா வாணாம்."

"படகு வேலை கீது" என்றார் அவர். நான் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வற்புறுத்துவது? அன்று மகள் எனக்குப் புடவைக்கு மடிப்பு எடுத்துவிட்டாள். மடிப்பு சரியாக விழுந்ததா என்று குனிந்து இரண்டு தடவை பார்த்தாள்.

கூட்டம் தொடங்கிவிட்டது. அன்று வாசலில் ஒரு புது ஆள். முதல் பெஞ்சிலிருந்து எனக்கு வாசல் நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் வேலை சட்டையோடேயே வந்து நின்றார், பொறி பட்டுச் சட்டை முழுக்க ஓட்டை, கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. புது ஆள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஆதரவாகத் தோளில் கை போட்டார்.

"வா மாமு, மொத தடவையா? பயப்படாத. இங்க எல்லாரும் ஒன்ன மாதிரிதான். உள்ள குந்து."

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியுமா! எழுந்து கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் நிதானமாகத் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"நான் குடிக்கிறது இல்லப்பா. எங்க வூட்டம்மா உள்ள கீது. பேமிலி எந்தப் பக்கம்?"

கேட்டுக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார், அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஆம்பிளையாக. அவரைக் கரித்துக் கொட்டிய அதே அறைக்குள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "இப்டி குந்து நைனா" என்று வண்ணாரப்பேட்டை அக்காவின் குரல், தழதழத்துப் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் பேசினார். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாத ஆள்.

"எங்க வூட்டம்மா குடிக்கிறவங்க. பிரஷர், மயக்கம்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கினு இருந்தது நான்தான். நம்ம மானம் போய்டும்னு மறைச்சேன். நான் மறைக்காம இருந்திருந்தா, அது எப்பவோ இங்க வந்திருக்கும். அதனால அது என்னக் குடிகாரன்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. பாதி நியாயந்தான்."

பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் முறை. அந்த நாளுக்கென்று நிறைய யோசித்து வைத்திருந்தேன், யார் யாருக்கு என்னென்ன பதிலடி என்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எழுந்து நின்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"நான் ஒரு குடிநோயாளி."

இந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து "வணக்கம்" என்றார்கள். பதில் சொல்வது குடித்தவர்கள் அறையில் மட்டும்தான் வழக்கம், பெண்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. அது தெரியாத ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தடுப்புக்கு மேலாக, தனியாக ஒரு குரல் வந்தது.

"வணக்கம்."